ஒன்றே முக்கால் மில்லி

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எப்படியாவது விஷயம் அவர் காதுக்குப் போய், "யாரக் கேட்டு நைனா எம்பேர எய்தின?" என்று வாசலில் வந்து நிற்பார். நின்றால் லேசில் நகரமாட்டார். அவரை நகர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெரு ஒன்றில், ஒரு சின்ன லேத் பட்டறையில், நான் சரக்கை லாரியில் ஏற்றி அனுப்பும் வேலை பார்த்தேன். அவர் அதே சரக்கைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். சரக்கு போனால்தான் எனக்கு நல்ல பெயர். சரக்கை நிறுத்தினால்தான் அவருக்கு வேலை செய்த திருப்தி. இப்படி இரண்டு பேரை ஒரே கூரைக்குக் கீழே விட்டால் என்ன நடக்குமோ அது தினமும் நடந்தது.

எல்லோருக்கும் அவர் அக்கா. பிறந்தது குத்தம்பாக்கம், வாழ்க்கைப்பட்டது நசரத்பேட்டை. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்ட வயல்கள் மனை மனையாகப் பிரிந்து விற்றுப்போய்க்கொண்டிருந்த காலத்தில், அவர் ஐடிஐ முடித்துவிட்டு எஸ்டேட்டுக்கு வந்துவிட்டார். புடவைக்கு மேலே ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை, வலது கை ஆள்காட்டி விரலில் எந்தச் சோப்புக்கும் போகாத நீலக் கறை. இந்த நீலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பட்டறையில் அதிகம் நடந்தது டேப்பர் வேலை. ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்கும் இரும்புத் தண்டு, அதாவது ஷாஃப்ட்டு. அதன்மேல் ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி போய் இறுக்கமாக உட்காரும். அதற்கு ஹப்பு என்று பெயர். வரைபடத்தில் ஒன்றுக்குப் பத்து என்று போட்டிருந்தால், பத்து மில்லிமீட்டர் நீளம் போவதற்குள் தண்டின் பருமன் ஒரு மில்லி குறைய வேண்டும் என்று அர்த்தம். பெரிய அளவிலிருந்து சின்ன அளவைக் கழித்து, நீளத்தால் வகுத்தால் விஷயம் முடிந்தது. லேத்தில் உளியைச் சாய்த்து வைக்கும்போது மட்டும் மொத்தக் கோணத்தில் பாதி வைக்க வேண்டும், ஏனென்றால் தண்டு சுற்றும்போது இரண்டு பக்கமும் சேர்ந்து சீவப்படும். இதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் பெட்டிக்கு ஆணி அடித்து லாரியில் ஏற்றுவது.

ஷாஃப்ட்டும் ஹப்பும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க, ஷாஃப்ட்டின் மேல் மெல்லிசாக நீல மை தடவி, ஹப்பை ஏற்றி, லேசாகத் திருகி எடுப்பார்கள். எங்கெல்லாம் நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன. முழுக்க நீலம் பரவியிருந்தால் உலகத்தில் எல்லோரும் சரி என்று சொல்லிவிடுவார்கள். அக்கா சொல்லமாட்டார்.

"தொடுது. அத்தான சொல்ற? தொட்டா போதுமா? எவ்ளோ சாஞ்சிகினு தொடுது, அத சொல்லு."

அப்புறம் மைக்ரோமீட்டர் வரும், வெர்னியர் வரும், பழைய கால்குலேட்டர் வரும். எல்லாம் முடிந்து அவருக்கே திருப்தி என்றால், இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கும் ‘பஞ்ச்’ என்ற எஃகு அச்சை எடுத்து, ஷாஃப்ட்டின் தலையில் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. அவருடைய நம்பர் அதில் பதியும். அந்த நம்பர் இல்லாத உருப்படியை நான் லாரியில் ஏற்றக்கூடாது. இது முதலாளியே போட்ட சட்டம். போட்ட நாளிலிருந்து அதற்காக அதிகம் வருத்தப்பட்டதும் அவர்தான்.

ஒருமுறை பூந்தமல்லி மார்க்கெட்டில், பாத்திரக் கடையில், நானும் என் மனைவியும் அக்காவிடம் மாட்டிக்கொண்டோம். புது வீட்டுக்கு டம்ளர் வாங்கப் போயிருந்தோம். அவர் ஏற்கெனவே அங்கே நின்று, ஒரு டம்ளருக்குள் இன்னொன்றைச் செருகி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது விழவில்லை.

"பாத்தியா நைனா, சாய்வு கம்மியா வெச்சிக்கிறான். இது ஒண்ணுக்குள்ள ஒண்ணு கவ்விக்கும். அப்பால ரெண்டு பேரு நின்னு இய்த்தாலும் வராது."

கடைக்காரர் சிரித்தார். "எல்லார் ஊட்லயும் டம்ளரு மாட்டிக்கத்தாம்மா செய்யுது. சுடுதண்ணி ஊத்துனா வந்துரும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக்கூடாது.

"நா இன்னாத்துக்கு அட்ஜஸ்ட் பண்ணணும்? டம்ளரு போட்டவன் நானா? தப்பா போட்டவன் அட்ஜஸ்ட் பண்ணட்டும். அந்த மேல கட்டுல கீறத எடு."

மேலே இருந்த கட்டு இறங்கியது. அதற்குப் பின்னால் இருந்த கட்டும் இறங்கியது. கடைப் பையன்கள் டம்ளர்களைச் செருகுவதும் கவிழ்ப்பதுமாக வேர்த்துப்போனார்கள். கடைசியில், கவிழ்த்தவுடன் சொத்தென்று கையில் விழும் டம்ளர்கள் ஒரு கட்டு அகப்பட்டன. அவர் பாதியை எடுத்துக்கொண்டார், மீதியை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நான் எவர்சில்வரில் பூப்போட்டது வேண்டும் என்று சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஷேர் ஆட்டோவிலும் இதே கதைதான். ஒரு நாள் திருவேற்காட்டுக்குப் போக இருவரும் ஒரே வண்டியில் ஏறினோம். சீட்டெல்லாம் நிறைந்த பிறகும் டிரைவர் இன்னொரு ஆளை ஏற்றப் பார்த்து, "யக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உள்ள தள்ளி ஒக்காரு" என்றார். மற்றவர்கள் எல்லாம் முட்டியை மடக்கித் தோளைக் குறுக்கி இடம் விட்டார்கள். அக்கா அசையவில்லை.

"வண்டில எடம் இல்ல. அவன ஒம் மடில ஒக்கார வெச்சிக்கோ."

"அப்பிடின்னா எறங்கிக்கோ."

"எறங்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன். வண்டிய எடு."

நான் வெளியே ஏதோ வேடிக்கை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அவரைத் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு அன்று தைரியம் இல்லை. டிரைவர் வாய்க்குள் என்னவோ முனகிக்கொண்டு வண்டியை எடுத்தார். இறங்கும்போது அக்கா, "ஒனக்கும் சேத்துத்தான் பேசினேன், நீ இன்னாடான்னா ரோட்ட பாத்துகினு வர்ற" என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை நீலம் ஒரு ஓரத்தில் மட்டும்தான் ஒட்டுகிறது என்று ஒரு முழுச் சரக்கையும் நிறுத்தி வைத்து, பட்டறையையே ஒரு வழி பண்ணிவிட்டார். மறுநாள் பார்த்தால், ஏற்றிச் சோதிக்கும் கேஜ் என்ற அளவு வளையத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு இரும்புப் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் நேராகப் பட்டறையின் நடுவில் வந்து நின்று, லேத்துகளின் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"தப்பு என்னுது! கேஜுல பிசிறு இருந்துச்சி, நா பாக்கல. சரக்கு சரியாத்தான் கீது. இன்னா இப்ப?"

மன்னிப்பைக்கூட அவரால் சண்டை மாதிரிதான் கேட்க முடிந்தது.

அவருடைய வீட்டுக்காரரும் அதே பட்டறையில்தான் லேத்தில் கடையும் டர்னராக இருந்தார். சாந்தமான மனிதர், நல்ல வேலைக்காரர். எல்லோரும் அவரை அண்ணாத்தே என்று கூப்பிடுவார்கள். வேறு யாராவது கடைந்த ஷாஃப்ட்டை அக்கா இரண்டு இடத்தில் அளந்தால், அண்ணாத்தே கடைந்ததை நாலு இடத்தில் அளப்பார். "இன்னா அண்ணாத்தே, ஊட்லயும் நீலம் தடவித்தான் பாக்கறாங்களா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே உளியைத் தீட்டப் போய்விடுவார். அவருக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இருந்தது, அதனால் அந்தக் கிண்டல் உறைக்கவில்லை.

உறைத்த ஒரு நாளும் வந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஆலைகளில் காற்றை இழுத்துத் தள்ளும் பெரிய ப்ளோயர்களைச் செய்யும் ஒரு கம்பெனி, முதல் தடவையாக எங்களுக்கு ஷாஃப்ட்டும் ஹப்பும் சோதனைக்காக ஆர்டர் கொடுத்திருந்தது. அது பிடித்துப்போனால் தொடர்ந்து தருவதாகப் பேச்சு. அந்தச் சமயம் பட்டறையில் வேலை வறண்டு கிடந்தது. இந்த ஆர்டர் நிலைத்தால்தான் ஆட்களைக் குறைக்காமல் ஓட்ட முடியும் என்று முதலாளி எங்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தானே லேத்தில் நின்று வளர்ந்தவர் அவர். எங்களை ஏமாற்றிப் பேசும் பழக்கம் இல்லாதவர்.

ஆடி மாதம். குத்தம்பாக்கத்தில் அக்காவின் அம்மா வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அவர் லீவு போட்டுப் போனார். அண்ணாத்தேயும் போயிருக்க வேண்டும். இந்த வேலை அவசரம் என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் அவர் தங்கிவிட்டார். "மாப்ள எங்க? மாப்ள எங்க?" என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்ததில் அக்காவுக்கு எரிச்சலான எரிச்சல். திரும்பி வந்த அன்று, எப்போதும் அண்ணாத்தேயின் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வருகிறவர், தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டறை முழுவதும் அதைக் கவனித்தது, நானும்தான்.

அவர் வருவதற்குள் எல்லாம் கடைந்து, துடைத்து, கிரீஸ் தடவி, பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது. லாரியும் வந்து நின்றது. நம்பர் அடிப்பது ஒன்றுதான் பாக்கி. அக்கா ஒரு ஷாஃப்ட்டை எடுத்தார். நீலம் தடவினார். ஹப்பை ஏற்றித் திருகி எடுத்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராக நீலம். எனக்கு மூச்சு வந்தது. டிரைவரிடம், தார்ப்பாயை அவிழ்க்கலாம் என்று கை காட்டினேன்.

அக்கா ஷாஃப்ட்டை, சிறுத்த முனை கீழே இருக்கும்படி, மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். இரண்டு பக்கமும் ஒரே பருமனுள்ள இரண்டு சின்ன உருளைகளை ஒட்டி வைத்து, அவற்றுக்கு வெளியே அளந்தார். பிறகு இரண்டு உருளைகளுக்கும் கீழே இருபது மில்லி உயரக் கட்டைகளை வைத்து, மறுபடி அளந்தார். ஒன்றுக்குப் பத்து என்றால், இருபது மில்லி மேலே போனதும் பருமன் இரண்டு மில்லி கூடியிருக்க வேண்டும். ஒன்றே முக்கால்தான் கூடியிருந்தது. அடுத்த ஷாஃப்ட்டை எடுத்தார். அதிலும் ஒன்றே முக்கால். பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதிலும் அதே.

"இது ஒண்ணுக்குப் பத்து இல்ல" என்றார், யாரையும் பார்க்காமல்.

அண்ணாத்தே லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். "ஹப்புல ஏத்திப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நீலம் புச்சிச்சா?"

"புல்லா புச்சிச்சி."

"அப்பால இன்னா?"

"ஹப்பும் தப்பா கீது. ரெண்டும் ஒரே மாரி தப்பா இருந்தா, ஒண்ணுல ஒண்ணு ஒக்காரத்தான் செய்யும்."

அது நடக்கக்கூடியதுதான். உளியை ஒருமுறை சாய்த்து வைத்துவிட்டால், அதை அசைக்காமலேயே ஷாஃப்ட்டின் வெளிப்பக்கத்தையும் ஹப்பின் உள்பக்கத்தையும் கடைந்துவிடுவார்கள். ஜோடி கச்சிதமாகப் பொருந்தும். நல்ல பழக்கம்தான், சாய்வு சரியாக இருக்கிற வரைக்கும்.

முதலாளி வந்தார். ஒரு ஜோடியை அவரே ஏற்றிப் பார்த்தார். ஆட்டினார், ஆடவில்லை. "கச்சிதமா உக்காருதுல்லா? பெறவு என்னம்மா?"

"இதுக்கு இது ஒக்காருது சார். ஒலகத்துல வேற எதுக்கும் ஒக்காராது."

"ஜோடி ஜோடியா நம்பர் போட்டு அனுப்பிருவோம். மாறாம மாட்டிக்கிடுவாங்க."

"நாளிக்கி இந்த ஹப்பு தேஞ்சி பூடும். அவன் வேற எங்கியோ ஒரு ஹப்பு வாங்கியாந்து மாட்டுவான். அது ஒண்ணுக்குப் பத்தா இருக்கும். நம்ப ஷாஃப்ட்டுல ஒரு ஓரத்த மட்டும் கவ்விகினு சுத்தும். சுத்தறது இன்னா ஊட்டு ஃபேனா? கழண்டுகினு வந்தா பக்கத்துல நிக்கறவன் இன்னாவான்?"

"அதெல்லாம் எப்பவோ நடக்கிறது. நடக்காமலும் போவும். இப்ப லாரி நிக்கி. நம்பர அடி."

"அடிக்க மாட்டேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போதுதான் அந்த வார்த்தையை விட்டார். "வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சிக்கிடணும். புருசன் கூழுக்கு வரலன்னு கோவத்த என் சரக்குமேல காட்டாத."

பட்டறையில் எல்லோரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததுதான் அது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாய்விட்டுச் சொன்னதும் அக்காவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

அவர் போய்த் தன் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தார். லாரிக்குப் பக்கத்தில் ஏற்றுவதற்காக நாங்கள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளின் மேலே ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தார்.

"ஏத்தறதா இருந்தா என்னியும் சேத்து ஏத்து நைனா" என்றார் என்னிடம்.

லோடுமேன் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கூரையைப் பார்த்தார். ஒரு பொம்பளையைப் பெட்டியோடு தூக்கி லாரியில் வைப்பது எப்படி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் நிதானமாகத் தயிர்சோறு சாப்பிட்டார். நடுநடுவே மாங்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டார். அத்தனை பேர் பார்க்க அவ்வளவு அலட்சியமாக யாரும் சாப்பிட்டு நான் கண்டதில்லை. கோபம் கோபமாக வந்தது எனக்கு. கூடவே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், பெருமையாகவும் இருந்தது.

அண்ணாத்தே பெட்டியருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "எறங்கு. எல்லாரும் பாக்கறாங்க. மானம் போவுது."

"ஒம் மானத்துக்குத்தான்யா ஒக்காந்துகினு கீறேன்." அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "இது பூரா நீ கடஞ்சது. நாளிக்கி எவனோ ஒர்த்தன் இத அளந்து பாத்துட்டு, எவன்டா இந்த வேலய பாத்தவன்னு கேப்பான். அவன் கேக்கறதுக்கு முன்னாடி நா கேக்கறேன். போ, போயி அளந்து பாரு. எங்கியோ தப்பு நடந்துகீது. ஒனக்கு வேல தெரியாம நடக்கல, அது எனக்குத் தெரியும்."

அண்ணாத்தே மேசைக்குப் போய் உருளைகளை வைத்து அளந்தார். கட்டையை வைத்து மறுபடி அளந்தார். அப்புறம் லேத்துக்குப் போய், அந்த மாதம்தான் முதலாளி வாங்கிக் கொடுத்திருந்த சின்ன டிஜிட்டல் பெட்டியை எடுத்து வந்தார். இரும்பில் ஒட்டி வைத்தால் எத்தனை டிகிரி சாய்வு என்று எண்ணில் காட்டும். அதையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் தோள் தொய்ந்துபோனதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்தேன்.

வரைபடத்தின் ஓரத்தில், உளிக்கு வேண்டிய சாய்வு இரண்டு டிகிரி ஐம்பத்தொரு நிமிடம் என்று போட்டிருந்தது. ஒரு மணிக்கு அறுபது நிமிடம் என்பதுபோல, ஒரு டிகிரிக்கும் அறுபது நிமிடம். ஆகவே அது மூன்று டிகிரிக்குக் கொஞ்சம்தான் குறைவு. புது டிஜிட்டல் பெட்டி அப்படிக் காட்டாது, புள்ளி வைத்துக் காட்டும். அண்ணாத்தே அவசரத்தில் அதில் இரண்டு புள்ளி ஐம்பத்தொன்று என்று வரும்வரை உளியைச் சாய்த்திருக்கிறார். அது இரண்டரை டிகிரி. ரயில் வர இரண்டு மணி ஐம்பத்தொரு நிமிடம் ஆகும் என்றால், இரண்டரை மணி நேரத்தில் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய் நிற்கிற மாதிரி. வருஷக்கணக்காக டிகிரியும் நிமிடமுமாகவே வேலை செய்த மனிதருக்குத்தான் அந்தத் தப்பு வரும்.

"சார், ஆங்கிள் தப்பா வெச்சிட்டேன்" என்றார் முதலாளியிடம். "ஷாஃப்ட்டுல இரும்பு மிச்சம் கீது, திருப்பிக் கடஞ்சா பொழைக்கும். ஹப்பு பொழைக்காது. எல்லாம் புச்சா செய்யணும்."

"தப்புன்னு எனக்கும் இப்ப புரியுதுய்யா." முதலாளியின் குரலில் கோபம் போய்க் கெஞ்சல் வந்திருந்தது. "ஆனா இன்னிக்கு அனுப்பலன்னா ஆர்டர் போயிரும். உங்க எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். பொருந்துதுல்லா? இந்த ஒரு தடவ."

அப்போது என் போன் அடித்தது. ப்ளோயர் கம்பெனியின் ஸ்டோர்ஸ்காரர். லாரி கிளம்பிவிட்டதா என்று கேட்க எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். எடுத்து, "சொல்லுங்க சார்" என்றேன். "கெளம்பிடுச்சா?" என்றார். முதலாளி, ஆமாம் என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினார். பெட்டியின் மேலிருந்து அக்கா கையை நீட்டினார். நான் போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று முதலாளி பின்னால் என்னைப் பல தடவை கேட்டிருக்கிறார்.

"சார், இன்ஸ்பெக்சன்லேந்து பேசறேன். சரக்கு வராது. டேப்பர் தப்பா கீது. ஒண்ணோட ஒண்ணு ஒக்காருது, ஆனா ஒங்க ட்ராயிங்குல கீற மாரி இல்ல. திருப்பிச் செஞ்சிதான் குடுக்கணும். ஒரு வாரம் ஆவும்."

மறுமுனையில் என்னவோ கேட்டார்கள். யார் செய்த தப்பு, யார் பொறுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணாத்தே எட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"டர்னர் பேசறேன் சார். ஆங்கிள் வெச்சது நானு. என் தப்பு."

அவ்வளவுதான் பேசினார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியின் ஓரத்தில், அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். அக்கா டிபன் பாக்ஸ் மூடியில் மீதிச் சோற்றைத் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினார். அவர் சாப்பிட்டார்.

சற்று நேரத்தில் முதலாளியின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிங்க... சரிங்க... புரியுதுங்க" என்றார். வைத்துவிட்டு என் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்களால் காத்திருக்க முடியாதாம்; வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறார்களாம்.

லேத்துகள் எல்லாம் எப்போது நின்றன என்று தெரியவில்லை. அக்கா பெட்டியிலிருந்து இறங்கிப் புடவையை உதறிக்கொண்டு, முதலாளிக்கு நேரே போய் நின்றார்.

"போனா போவுது சார். நாம சொல்லிப் போச்சி. அவன் கண்டுபுச்சிப் போவல."

முதலாளி நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

"மணி ஆவல. ஷிப்ட் முடியட்டும், போறோம்."

போய்த் தன் மேசையில் உட்கார்ந்து, வேறு வேலையிலிருந்து வந்திருந்த உருப்படிகளை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அண்ணாத்தே ஹப்புப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழிவு இரும்பு கிடக்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். உதவிக்கு வந்தவர்களை வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அந்தச் சரக்கு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். அக்கா செய்தது சரி என்று நிரூபிக்க எதுவும் நடக்கவில்லை. யாரும் வந்து பாராட்டவும் இல்லை. நாங்கள் பல மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் ஓட்டினோம். முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் வெகுநாள் நேராகப் பேசவும் இல்லை. எது சொல்ல வேண்டுமானாலும் என்னிடம் சொல்லி அனுப்புவார். அந்த நாளைப் பற்றி ஒருமுறை அக்காவிடம், "ஒண்ணும் ஆயிருக்காதுக்கா, தெரியுமா?" என்று வாயைக் கொடுத்தேன். "ஆவாட்டி இன்னா? தப்பு சரியாயிடுமா?" என்றார். பிறகு அக்காவும் அண்ணாத்தேயும் ஆவடிப் பக்கம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் யாரோ ஒருவன் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டிருப்பான், பாவம்.

ஆனால் அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. டிரைவர் தார்ப்பாயை மடித்துப் போட்டுவிட்டு, மூலையில் சேர்ந்து கிடந்த ஹப்புகளைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இவ்ளோ ரிஜெக்ட்டா? யாரு பண்ணாங்க, கம்பெனிக்காரங்களா?"

"இல்லப்பா" என்று நான் முந்திக்கொண்டேன். "நாங்களே பண்ணோம்."